பழவேற்காட்டு எலும்புருவங்களும் அல்-பக்தாதியின் தாடையெலும்பும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஏரிக்கும் கடலுக்கும் இடையே அமைந்தது பழவேற்காடு. அவ்வூரின் பெயரைக் கேட்டதும் நம்மவர்க்கு நினைவில் எழுவன அதன் பள்ளிவாசல்களும், தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து கலமேறி வந்தோர் என அங்குள்ள முஸ்லிம்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தியுமேயாகும். ஆனால் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பிய ஒல்லாந்தர், தம்மில் இறந்தோர்க்கென அமைத்த கல்லறைத் தோட்டமும் காணத்தக்கதே. அதன் நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு மனித எலும்புருவங்கள் நிற்கின்றன. கப்றுகளில் உருவம் செதுக்கும் வழக்கமில்லாத நமக்கு அக்காட்சி சற்றே திகைப்பூட்டும்.

அச்சிற்பங்களின் நோக்கம் மரணத்தை நினைவூட்டுவது. அக்கால ஒல்லாந்தில் இந்நோக்கமும் மருத்துவக் கல்வியும் ஒன்றாகவே கலந்திருந்தன. லெய்டன் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்று அரங்கில் மனித எலும்புக்கூடுகள் வாழ்வின் நிலையாமையை உரைக்கும் கொடிகளை ஏந்தி நின்றன. கெல்டிரியா எழுந்த அதே 1613-இல்தான் அப்பல்கலைக்கழகத்தில் எர்பேனியுஸ் அரபு மொழிப் பேராசிரியராக அமர்ந்தார். இது தற்செயலான ஒற்றுமையே. எனினும் எலும்பைப் பற்றிய அறிவை நாடுவோர் அரபு நூல்களுக்குச் செல்லாமல் இயலாது.

இப்னு ஸீனா தமது 'கானூன்' நூலில் எலும்புகளை அவற்றின் பணி நோக்கி வகைப்படுத்துகிறார். மண்டையோடு மூளைக்குக் கேடயம். முதுகெலும்போ, கப்பல் கட்டுவோர் முதலில் கிடத்தும் மரத்தைப் போன்றது. ஏராக்கட்டை இன்னதென்று அறிந்த கரையோர மக்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் நூலறிவைக் கண்ணறிவால் திருத்தியவர் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி (ஹிஜ்ரி 557-629, கி.பி. 1162-1231). எகிப்தை ஹிஜ்ரி 597, 598-ஆம் ஆண்டுகளில் கொடும் பஞ்சம் வாட்டியபோது அவர் அங்கிருந்தார். கெய்ரோவை அடுத்த மக்ஸில் மனித எலும்புகள் மேடாகக் குவிந்து கிடந்தன. கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது காலனின் கூற்று. ஓராயிரம் ஆண்டுகளாக அதை ஐயுற்றவர் அரிது. அல்-பக்தாதியோ ஏராளமான தாடைகளை எடுத்துப் பார்த்தார். எதிலும் பொருத்துவாய் இல்லை. காலனின் மதிப்பு பெரிது, புலன்களின் சான்று அதனினும் பெரிது என்பது அவர் துணிபு. (கைக்குழந்தையின் தாடை இரு பாதியாகவே இருந்து முதலாண்டில் ஒன்றுகூடுகிறது என்பது இன்று நாம் அறிந்தது.)

மக்ஸில் அவர் எந்தக் கப்றையும் தோண்டவில்லை என்பதை இங்கே கருத வேண்டும். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்பது நபிமொழி. அடக்கம் செய்ய ஆளின்றிக் கிடந்தவற்றையே அவர் அங்கே ஆராய்ந்தார். இந்த மரபை அறிவுக்குத் தடை என்பாரின் கூற்றை நான் ஏற்பதற்கில்லை.

எலும்பின் உறுதி அதன் கடினத்தில் மட்டும் இல்லை. கொலாஜன் என்னும் புரத இழைகளில் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் செறிந்த கலவையே எலும்பு. அமிலத்தில் ஊறவைத்துத் தாதுவை நீக்கினால் அது வளையும்; சுட்டு இழையை அழித்தால் நொறுங்கும். கெட்டியான எலும்பு நெடுக்குவாக்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,700 கிலோ அளவிலான அழுத்தத்தைத் தாங்கும். இழுப்பைத் தாங்கும் ஆற்றல் அதனினும் குறைவு, முறுக்கைத் தாங்குவது மிகக் குறைவு. சுமைக்கேற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதை 1892-இல் யூலியுஸ் வோல்ஃப் விளக்கினார். ஏரியில் கழி ஊன்றிப் படகு செலுத்துவோரின் தோளெலும்பும் இவ்விதிக்கு உட்பட்டதே.

பழவேற்காடு ஏரியின் வடபகுதியைக் கொண்டிருந்த பழைய நெல்லூர் மாவட்டத்திலிருந்து, 1937-இல் மருத்துவர்கள் ஒரு நோயைப் பதிவு செய்தனர். கிணற்று நீரின் மிகுதியான ஃபுளோரைடால் மக்களின் முதுகெலும்பு இறுகி வளையாது போயிற்று. தாது கூடியது, வலிமை கூடவில்லை.

மனிதனுக்கு 360 மூட்டுகள் என்னும் ஹதீஸை இன்றைய உடற்கூற்று எண்ணிக்கையோடு பொருத்திக் காட்டச் சிலர் முயல்கின்றனர். எதனை மூட்டு என்பது என்னும் வரையறைக்கேற்ப அவ்வெண்ணிக்கை மாறும். அந்த ஹதீஸின் கருத்து நன்றி செலுத்துதலும் தர்மமுமாகும். அதைக் கணக்குப் பாடமாக்குவது அதன் பொருளைச் சுருக்குவதேயாகும்.

அல்-பக்தாதியின் எகிப்து நூல் 1800-இல் லத்தீனிலும், 1810-இல் தெ ஸாஸியால் பிரெஞ்சிலும் வெளிவந்தது. அதற்குள் வெஸாலியுஸ் 1543-இல் தாமே கண்டு எழுதிய தாடைத் திருத்தம் ஐரோப்பா எங்கும் பாடமாகியிருந்தது.