ஒசூர்ச் சாலையும் ஊர் வந்தவர் புத்தாடையும்



அயல்நாட்டில் உத்தியோகம் பார்ப்போர் விடுமுறைக்கு ஊர் வந்தால், உற்றார் உறவினரைக் கண்டபின் மேற்கொள்ளும் முதற் காரியம் துணி எடுப்பதே. வரும்போது பெட்டி நிறையப் பிறருக்கான பரிசுகள்; திரும்பும்போது தமக்கான ஆடைகள். அங்கே வரவிருக்கும் கோடைக்குப் பருத்திச் சட்டை, தீபாவளிக்குப் பட்டு என்று, ஓராண்டுக்கு வேண்டியவற்றை ஒரே வாரத்தில் சேர்த்துக்கொள்கின்றனர். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்காட்சி புதிதன்று. இதன் பின்னே அவ்வூர்ச் சாலை சொல்லும் சரித்திரம் ஒன்று உண்டு.

கோனப்பன அக்ரஹாரம், தொட்ட தோகூர் என்னும் சிற்றூர்களில் 332 ஏக்கர் நிலத்தில், 1978-ஆம் ஆண்டில், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் இந்நகரை அமைத்தது. அதற்கு முன்னின்று உழைத்தவர் அந்நிறுவனத்தின் தலைவர் ஆர். கே. பாலிகா. மின்னணுத் தொழிலுக்கென எழுந்த இந்நகரம் பின்னர்க் கணிப்பொறியாளர்களைக் கடல் கடந்து அனுப்பும் வாசலாயிற்று.

அவர்கள் திரும்பி வந்து ஜவுளிக் கடைகளை நாடும்போது, 2010-இல் திறக்கப்பட்ட மேம்பாலத்திலோ, 2025 ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கிய மெட்ரோவின் மஞ்சள் தடத்திலோ நகருக்குள் செல்கின்றனர். வழியில் வருவது சில்க் போர்டு சந்திப்பு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியப் பட்டு வாரியமே அதற்குப் பெயர் தந்தது. கணிப்பொறிக்கு நெடுநாள் முன்பே துணியால் புகழ் பெற்ற நகரம் இது. 1800-இல் இங்கு வந்த பிரான்சிஸ் புக்கானன், பேட்டையின் நெசவாளர்களைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். 1884-இல் தோன்றி, பின்னி மில் எனப் பெயர் பெற்ற ஆலையில் தமிழ்த் தொழிலாளர் பலர் பாடுபட்டனர். அவ்வாலை இன்றில்லை, சிக்பேட்டையின் பட்டுக் கடைகள் நிலைத்து நிற்கின்றன.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் சில்க் போர்டுக்கும் இடையே உள்ளது பொம்மனஹள்ளி. இங்குள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில், மேல்நாட்டுக் கடைகளுக்கான சட்டைகளும் மேலங்கிகளும் தைக்கப்படுகின்றன. தைப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். வளரும் நாடுகளின் துணி ஏற்றுமதியைச் செல்வ நாடுகள் 1974 முதல் அளவுகட்டி வைத்திருந்தன. 2004 முடிவில் அக்கட்டு நீங்கிற்று. வாசல் அகன்றது, எனினும் தைப்பவர் கைக்கூலி சிறிதாகவே இருந்தது.

வேலையை விட்டு நிற்கும்போது கைகொடுக்கும் சேமிப்பு அவர்களது வருங்கால வைப்பு நிதியே. அதில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கலாகாது என 2016-இல் ஒரு விதி வந்தது. மகளின் கல்யாணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் அப்பணத்தை நம்பியிருந்த பெண்கள், அவ்வாண்டு ஏப்ரல் 18, 19-ஆம் நாட்களில் ஆயிரக்கணக்கில் இந்த ஒசூர்ச் சாலையில் திரண்டு போக்குவரத்தை நிறுத்தினர். 19-ஆம் நாளே மத்திய அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது.

ஊர் வந்தவர் கடையில் சாயத்தையும் விலையையும் விசாரிக்கிறார், தைத்தவரை விசாரிப்பதில்லை. அயல்நாட்டில் குளிருக்கென அவர் வாங்கி வந்த மேலங்கியின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்ப்பாராயின், அது இந்தியாவில் தைத்தது என எழுதியிருக்கக் கூடும். அது இதே சாலையிற் பிறந்ததாகவும் இருக்கலாம். அப்படியாயின், அவருக்கு முன்பே கடல் கடந்து சென்று, அவரோடு ஊர் திரும்பியிருப்பது அந்த அங்கி. அதைத் தைத்த கையும் தம் அண்டை வீட்டாருடையதே என்பதை அவர் அறிந்து செல்வது நலம்.