ஜர்னிமேன்

விளையாட்டுப் பக்கங்களில் அடிக்கடி வரும் சொல் இது. 'ஜர்னி' என்றால் பயணம். ஆகவே ஊர் ஊராகப் போகிறவர் என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். உண்மையில் இதன் வேர் பழைய பிரெஞ்சில் 'ஒரு நாள்', 'ஒரு நாள் வேலை' என்று பொருள்படும் சொல். ஐரோப்பியத் தொழிற்குழுக்களில் பயிற்சிக் காலத்தை முடித்து, சொந்தப் பட்டறை வைக்கும் ஆசானாக உயராமல், நாட்கூலிக்கு வேலை செய்த கைவினைஞரே ஜர்னிமேன். தொழில் தெரியாதவர் அல்லர். தொழிலை முழுதாகக் கற்றவர். ஒரு நாள் நடையளவு என்ற பொருளிலிருந்துதான் 'பயணம்' பின்னால் கிளைத்தது. ஜர்னலிஸ்ட் என்ற சொல்லும் இதே 'நாள்' குடும்பம்தான்; நம் நாளிதழை நினைத்துக்கொள்ளலாம்.

கால்பந்தில் இதற்கு நல்ல சான்று டோனி காஸ்கரினோ. முடிதிருத்தும் தொழில் பழகியவர். கில்லிங்காமில் தொடங்கி மில்வால், ஆஸ்டன் வில்லா, செல்டிக், செல்சி, மார்செய், நான்சி என்று மூன்று நாடுகளில் ஆடினார். சில இடங்களில் சோபிக்கவில்லை; மார்செயில் கோல்களைக் குவித்தார். அயர்லாந்துக்காக 88 ஆட்டங்கள், 19 கோல்கள். 1990 உலகக் கோப்பையில் ருமேனியாவுக்கு எதிரான பெனால்டி மோதலில் நான்காவதாக வந்து பந்தை வலைக்குள் சேர்த்தவர் அவரே.

இப்படிப்பட்டவரை 'நாடோடி ஆட்டக்காரர்' என்று எழுதுவது பிழை. ஒட்டாதவர், நிலையற்றவர் என்ற இழிவு அதில் ஏறிவிடுகிறது. 'தொழில் பழகிய ஆட்டக்காரர்' என்று எழுதுங்கள்.