கானாவும் கள்ளும்

வடசென்னையில் எங்க தெருவுல சாவு விழுந்தா விடிய விடிய கானா. டோலக் இல்லேன்னா தகர டப்பா. அப்பா செத்த ராத்திரியும் பாடினார்கள். யாரோடு குடித்தார், யாருக்கு வாங்கிக் கொடுத்தார், கடைசியில் குடலை அரித்தது எது, ஒன்றையும் மறைக்கவில்லை.

பிறகு கல்லூரியில் புறநானூறு 235 நடத்தினார்கள். செத்துப்போன அதியமான் கள்ளைப் பகிர்ந்து குடித்ததைச் சொல்லி ஔவை அழுகிற கையறுநிலைப் பாட்டு. ஆசிரியர் அதை வள்ளன்மை என்றார். "எங்க தெரு கானாவும் இதானே சார்?" என்றேன். வகுப்பே சிரித்தது. அரசன் குடித்தால் இலக்கியம், சேரிக்காரன் குடித்தால் ஒழுக்கக்கேடு!

1990களில் தேவா இசையில் கானா சினிமாவுக்குப் போனது. பெரும்பாலும் சாவு வீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கிளாசோடு ஆடுகிறவனை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. கெட்ட பேர் மட்டும் எங்க பாட்டுக்கு.

ஆனா ஒண்ணு. நான் கேட்ட கானாவில் குடித்தவன் பொண்டாட்டிக்கு இடமே இல்லை. வெளியே ஆம்பளைங்க அப்பாவைப் பாடிக்கொண்டிருக்க, உள்ளே பிணத்தண்டை உட்கார்ந்து அம்மா ஒப்பாரியிலேயே அவரைத் திட்டித் தீர்த்தாள். அதை எவனும் சினிமாவுக்குக் கேட்டு வரல. நானும் எழுதி வைக்கல.