ஆமூர் மல்லனின் பெயர்

திருச்சி பாலக்கரையில் ஏதாவது ஒரு ஜவுளிக்கடையில் ஏறி, “சாண்டோ பனியன், தொண்ணூறு சைஸ்” என்று கேட்டால் போதும். கடைப்பையன் அட்டைப்பெட்டியை இழுத்து, கையில்லாத வெள்ளைப் பனியனை மேசைமேல் போடுவான். தோளும் புஜமும் வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதற்கு இலக்கணம். சாண்டோ என்பது ஓர் ஆளின் பெயர் என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. விற்கிறவருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஆள் யூஜின் சாண்டோ. 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். இயற்பெயர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். சர்க்கஸ், மல்யுத்தம், பாரம் தூக்குதல் என்று பிழைப்பைத் தேடி அலைந்து, கடைசியில் லண்டன் மேடைகளில் உலகப்புகழ் பெற்றார். 1904–05இல் இந்தியாவைச் சுற்றி வந்தார். உடம்பைத் தேற்றியவர்களை ‘சாண்டோ’ என்று கூப்பிடும் வழக்கம் இங்கே வேர்விட்டது. கோயம்புத்தூர் சின்னப்பா தேவர், பெரிய சினிமாத் தயாரிப்பாளராகி முருகன் படங்களும் யானைப் படங்களும் எடுத்த பிறகும், அந்தப் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் வைத்திருந்தார்.

சாண்டோ தன் கதையைத் தானே எழுதினார். 1897இல் வெளிவந்த அவருடைய உடற்பயிற்சி நூலில், 1894இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் சிங்கத்தோடு கட்டிப்புரண்ட கதை வீராவேசமாக வருகிறது. அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்கள் கண்டது வேறு. சிங்கத்துக்கு வாய்ப்பூட்டுப் போட்டிருந்தது, நகம் படாமல் பாதங்களுக்கு உறை மாட்டியிருந்தது, அது சண்டைக்கே வரவில்லை. 1925இல் சாண்டோ இறந்தபோது அவர் மனைவி கல்லறையில் பெயர் பொறிக்கவில்லை. குடும்பத்தார் அவருடைய காகிதங்களை எரித்தார்கள். லண்டன் பட்னி வேல் இடுகாட்டில் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த மண்ணுக்கு அடையாளமே இல்லாமல் இருந்தது. ஒரு பெண்ணுக்கு அவ்வளவு கோபம் வர என்ன நடந்தது என்பதுதான் படிக்கிறவருக்கு வேண்டும். புத்தகத்தில் சிங்கம்தான் இருக்கிறது.

மல்லர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தேடிப் படிப்பவருக்கு இந்த ஏமாற்றம் புதிதல்ல. கவிஞர், பாடகர், அரசியல்வாதி என்று யாருடைய வரலாற்றை எடுத்தாலும் பத்துப் பக்கத்துக்குள் ஒரு மனிதர் எழுந்து நிற்பார். மல்லரின் வரலாற்றில் எழுந்து நிற்பது உடம்பு மட்டும்தான்.

தொழிலே ஒரு காரணம். காசு கட்டிப் பார்க்கும் தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பார் என்பது பல இடங்களில் முன்கூட்டியே பேசி முடிவான விஷயம். அதை வெளியே சொல்லாமல் இருப்பதற்கு அமெரிக்க மல்லர்கள் ‘கேஃபேப்’ என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். திருவிழாக் கூடாரங்களிலிருந்து வந்த ரகசியப் பேச்சு அது. மேடையில் பகையாளிகளாக நின்ற இருவர் வெளியில் ஒரே காரில் போகக்கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக்கூடாது. இது வெறும் ஆட்டம்தான், போட்டியல்ல என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற மல்யுத்த நிறுவனம் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில் ஒப்புக்கொண்டது 1989இல். அதுவும் விளையாட்டு ஆணையத்தின் கண்காணிப்பிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்கத்தான். வாழ்நாள் முழுக்கப் பொய்யைக் காத்து நிற்பது ஒருவரின் தொழில்தர்மம் என்றால், அவர் கையில் பேனாவைக் கொடுத்து உண்மையை எழுதச் சொல்வது எப்படி? பத்தாண்டு கழித்து மிக் ஃபோலி என்ற மல்லர், ஆள் வைத்து எழுதாமல், தன் கதையை எழுநூறு பக்கத்துக்கு மேல் தன் கையாலேயே எழுதினார். பட்ட அடியையும் வாங்கிய கூலியையும் அதில் மறைக்கவில்லை. அமெரிக்காவில் அது விற்பனையில் முதலிடம் பிடித்தது. உண்மைக்கு அத்தனை பேர் காத்திருந்திருக்கிறார்கள்.

அதே தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுத் தெருக்களில் பையன்கள் மல்லர்களின் வரலாற்றைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தார்கள். சீட்டுக்கட்டு மாதிரி ஒரு கட்டு. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு மல்லரின் படம், அடியில் ரேங்க், உயரம், எடை, மார்பு, புஜம், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை. திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவன் “எடை” என்பான், மற்றவன் தன் அட்டையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக் கொடுத்துவிடுவான். அந்த ஆள் எந்த ஊர், அம்மா அப்பா யார் என்று எந்த அட்டையிலும் இல்லை. அது விளையாட்டு அட்டை, சரி. பெரியவர்களுக்காக எழுதிய புத்தகங்களும் அந்த அட்டையைத் தாண்டவில்லை என்பதுதான் வருத்தம்.

காமாவை எடுத்துக்கொள்ளலாம். அமிர்தசரஸ் பக்கத்தில் பிறந்து, இந்தியாவே கொண்டாடிய பயில்வான். அவரைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை படி பால் குடித்தார், எத்தனை கோழி தின்றார், எத்தனை ஆயிரம் தண்டால், எத்தனை ஆயிரம் பஸ்கி என்பதிலேயே பாதிப் பக்கத்தைத் தீர்த்துவிடுவார்கள். பரோடாவில் 1902இல் அவர் தூக்கியதாகச் சொல்லப்படும் கல்லின் எடை 1200 கிலோ என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவருகிறார்கள். அந்தக் கனத்தை மனித முதுகெலும்பு தாங்குமா என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

நம்பத்தக்க நாள் ஒன்று உண்டு. 1910 செப்டம்பர் 10, லண்டன் ஒயிட் சிட்டி மைதானம். எதிரில் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ. தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஸ்பிஸ்கோ விரிப்பில் குப்புறப் படுத்துவிட்டார். காமா புரட்டப் பார்க்கிறார், முடியவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனது, வெற்றி தோல்வி இல்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி மோத வேண்டிய நாளில் ஸ்பிஸ்கோ வரவே இல்லை, பட்டம் காமாவுக்குப் போனது. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஸ்பிஸ்கோவின் முதுகு மண்ணில். அந்த வேகத்தை வியக்காத புத்தகம் இல்லை. ஆனால் அன்றைக்கு இருவருக்குமே ஐம்பதை ஒட்டிய வயது. பதினெட்டு வருடம் ஒருவரையொருவர் மனதில் வைத்திருந்த இரண்டு நடுவயதுக்காரர்கள் அந்த மண்ணில் இறங்கினார்கள். நல்ல எழுத்தாளர் ஒருவர் கையில் கிடைத்திருந்தால் அதுவே ஒரு புத்தகம். நாடு பிரிந்தபின் காமா லாகூரில் நோயோடும் வறுமையோடும் போராடி 1960இல் இறந்தார். புத்தகங்களில் பால் கணக்குக்குக் கிடைத்த இடம் அந்தக் கடைசி ஆண்டுகளுக்குக் கிடைக்கவில்லை.

தமிழர்களுக்கு அவரைவிட நெருக்கமான பெயர்கள் தாராசிங், கிங்காங். தெருவில் இரண்டு பேர் கட்டிப்புரண்டால், “பெரிய தாராசிங்னு நினைப்பு” என்று விலக்கிவிட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. தாராசிங் பெயரெடுத்தது முதலில் சிங்கப்பூரிலும் மலேயாவிலும். பஞ்சாபிலிருந்து பிழைப்புத் தேடிப் போன இளைஞர், கிரேட் வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்காவில் பழகினார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் போன தமிழர்கள் உழைத்த ஊர்களும் அவைதான். கிங்காங் என்று சுவரொட்டிகளில் உறுமியவர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர். உடம்பு மலை மாதிரி. தோற்பதற்கென்றே படைத்த அரக்கனைப் போலத்தான் அவரைக் கூட்டம் பார்த்தது. 1970இல் ஒரு கார் விபத்தில் அடிபட்டுச் சிங்கப்பூரில் இறந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர் ஆசியாவின் ஊர் ஊராகப் போய், வசவு வாங்குவதையே வேலையாகச் செய்து, அங்கேயே மண்ணானார். இந்த வாழ்க்கையைத் தமிழில் ஒருவரும் எழுதவில்லையே என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை.

தாராசிங் பஞ்சாபியில் சுயசரிதை எழுதினார், 1989இல் வந்தது. 2012 ஜூலையில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளிலோ நாலே செய்திதான்: ஐந்நூறு குஸ்தி, ஒன்றில்கூடத் தோல்வி இல்லை, 1968இல் பம்பாயில் லூ தெஸ் என்ற மல்லரை வென்றது, தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமார் வேடம். தோல்வியே இல்லாத வாழ்க்கையை எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. தோற்ற ராத்திரியில் ஒருவர் என்ன செய்தார் என்பதில்தானே ஆள் தெரிகிறார்.

தமிழுக்கு வரலாறு எழுதத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. திருச்சியில் பல காலம் இருந்து பாடம் சொன்ன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கையை அவருடைய மாணாக்கர் உ.வே.சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகமாக எழுதினார். ஆசிரியர் பட்ட கடன், சாப்பாட்டுக்குப் பட்ட சிரமம், மாணவனிடம் காட்டிய வாஞ்சை எல்லாம் அதில் இருக்கின்றன. எந்தப் பயில்வானுக்கும் அப்படி ஒரு மாணாக்கர் வாய்க்கவில்லை. உஸ்தாதிடம் பயின்றவர்கள் பிடியைத்தான் கற்றார்கள், எழுத்தையல்ல. கிடுக்கிப்பிடி, உடும்புப்பிடி, கோதாவில் இறங்குவது, தோள் தட்டுவது, மண்ணைக் கவ்வுவது என்று சண்டையின் சொல்லெல்லாம் தேர்தல் செய்தியில் இன்றைக்கும் புழங்குகிறது. போட்டவர்கள்தான் போய்விட்டார்கள்.

ஆனால் ஒரு மல்லரை எப்படி எழுதுவது என்று காட்டியதும் இதே ஊர்தான். பாலக்கரையைத் தொட்டு ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலை எதிர்த்து மேற்கே போனால் புத்தூர், அதையடுத்து உறையூர். இன்று கைத்தறிச் சேலைக்கும் சுருட்டுக்கும் பேர்போன உறையூர், அன்று சோழர் தலைநகர். அங்கே ஆண்ட தித்தன் என்ற சோழனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. அப்பாவோடு ஒத்துப்போகாமல் வெளியேறியவன். முக்காவல் நாட்டு ஆமூரில் ஒரு மல்லனோடு பொருது அவனைக் கொன்றான். கிள்ளியைப் பற்றிய ஆறு பாட்டுகள் புறநானூற்றில் 80 முதல் 85 வரை நிற்கின்றன. ஓலையில் கிடந்ததை 1894இல் அச்சேற்றியவரும் அதே சாமிநாதையர்தான்.

முதல் மூன்றைச் சாத்தந்தையார் பாடினார். அவருக்குச் சண்டை தெரியும். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது, இன்னொரு கால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைகிறது என்று பிடியை அப்படியே வரைந்துவிடுகிறார். பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல் தலையும் காலும் ஒடிய மோதினான் என்கிறார். அங்கேயே ஒரு வார்த்தை சேர்க்கிறார்: பையனைப் பிடிக்குமோ பிடிக்காதோ, இந்தக் காட்சியை அவன் அப்பன் தித்தன் பார்க்க வேண்டும். இந்த ஒரு ஆசையில் குடும்பக் கதை முழுக்க இருக்கிறது. வேகத்தைச் சொல்ல அவர் எடுத்த உவமை இன்னும் அருமை. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேளை, பொழுது சாய்கிறது, மழை வேறு கொட்டுகிறது. அந்த நேரத்தில் கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலாளியின் கையில் ஊசி எப்படிப் பறக்கும்? அந்த வேகத்தில் நடந்ததாம் சண்டை. அரசகுமாரனின் வீரத்துக்கு அளவுகோல் ஓர் ஏழை உழைப்பாளியின் கை.

அடுத்த மூன்றும் நக்கண்ணையார் பாடியவை. பெருங்கோழி நாய்கன் மகள் என்று பாட்டின் கீழுள்ள பழைய குறிப்பு சொல்கிறது. கோழி என்பது உறையூரின் இன்னொரு பெயர், நாய்கன் என்றால் வணிகன். இந்த வணிகர் வீட்டுப் பெண் கிள்ளியைக் காதலித்தவள். பிடிகளைப் பற்றி அவள் பேசவே இல்லை. கருத்த தாடியையும் காலில் கட்டிய கழலையும் பார்க்கிறாள். அவனை நினைத்து வளை கழல்கிறது, அம்மாவுக்குப் பயம். தழுவிக்கொள்ளலாம் என்றால் சபையில் இருப்பவர்கள் முன்னால் நாணம். அவன் என்ன சாப்பிடுகிறான் என்றும் சொல்கிறாள்: புற்கை. வெறும் கூழ். கூழைக் குடித்தும் அவனுக்குத் தோள் பெருத்திருக்கிறது, வீட்டுக்குப் புறத்தே இருக்கும் நானோ பசலை பாய்ந்து நிறம் மாறிப்போனேன் என்கிறாள். காமாவின் பால் கணக்கை எழுதிய அத்தனை பேரும் இந்த ஒரு சொல்லுக்கு முன்னால் நிற்க முடியாது. நாடிழந்து வந்த ராஜகுமாரனின் நிலைமை முழுவதும் அந்தக் கூழில் தெரிகிறது.

கடைசிப் பாட்டில் அவளே பார்க்க ஓடுகிறாள். இது அவன் ஊரில்லை, அவன் நாடுமில்லை. அதனால் பார்க்க வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு பக்கம் ஜெயம் ஜெயம் என்கிறது, மறுபக்கம் இல்லை இல்லை என்கிறது. வெளியூர் மல்லன் இறங்கிய எந்தக் கோதாவிலும் கேட்ட சத்தம் அது. அவள் சிலம்பு குலுங்க ஓடிப்போய், வீட்டருகே முரசு மாதிரி அடிபருத்த பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் ஜெயிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

தித்தன் அந்தச் சேதியைக் கேட்டானா, அப்பனும் பிள்ளையும் சேர்ந்தார்களா, நக்கண்ணைக்கு அவன் கிடைத்தானா என்று இந்த ஆறு பாட்டும் சொல்லவில்லை. செத்தவன் பெயரும் இல்லை. சாத்தந்தையார் அவனை மல்லன் என்கிறார், குறிப்பு எழுதியவர் ஆமூர் மல்லன் என்கிறார். அந்த ஊர்க் கள்ளின் காரத்தைக்கூடச் சாத்தந்தையார் சொல்லிவிட்டார், அவன் பெயரைச் சொல்லவில்லை. பனைமரத்தடியிலிருந்து பார்த்தவளின் கண் கிள்ளியை விட்டு நகரவில்லை. மறுபக்கம் இல்லை இல்லை என்று கத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அவன் பெயர் தெரிந்திருக்கும்.