அடுக்களையிலிருந்து ஆலைக்கு: பீரின் சுவையும் பெண்களின் கைகளும்

எனக்கு லாகர் பீர் பிடிக்காது. இதைச் சொன்னதும் என்னென்ன பதில்கள் வரும் என்பது எனக்கு மனப்பாடம். "பொம்பளைங்களுக்குக் கசப்பு ஒத்துக்காது." "அப்ப உங்களுக்கு ஒயின்தான் சரி." "பழக்கமில்லைல்ல, போகப் போகச் சரியாயிடும்." இதே சொற்களை ஓர் ஆண் சொன்னால் அது ரசனை. நான் சொன்னால் அது இயலாமை.

எனக்குப் பிடித்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கருக வறுத்த பார்லியில் செய்யும் ஸ்டௌட் பிடிக்கும். அதில் சிக்கரி கலந்த முதல் டிக்காஷனின் கசப்பு இருக்கிறது. பவேரியாவின் கோதுமை பீர் பிடிக்கும். வாழைப்பழமும் கிராம்பும் சேர்த்ததுபோல மணக்கும். இரண்டையும் யாரும் சேர்ப்பதில்லை, ஈஸ்ட் தரும் மணம் அது. பெல்ஜியத்தின் புளித்த பீர்களும் பிடிக்கும். பழைய சோற்று நீராகாரத்தைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவின் உறவுக்காரர்கள்தான் அவற்றையும் புளிக்க வைக்கின்றன.

இந்தப் பட்டியலில் உள்ள ஸ்டௌட்டோடு ஒப்பிட்டால், கடைகளில் பெட்டி பெட்டியாக விற்கும் லாகரில் கசப்பு என்று சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. சில்லென்று இருக்கும், வெளிர் மஞ்சளாக இருக்கும், நாக்கில் தங்காமல் போய்விடும். உலகின் மிகச் சாதுவான பீர் வகைகளில் ஒன்று எப்படி 'ஆம்பளைச் சரக்கு' ஆனது? விடை நாக்கில் இல்லை. பீரை யார் காய்ச்சினார்கள், யார் கையிலிருந்து அது யார் கைக்குப் போனது என்ற வரலாற்றில் இருக்கிறது.

மிகப் பழைய சான்றுகளில் பீரும் பெண்ணும் சேர்ந்தே வருகிறார்கள். சுமேரியர்களின் பீர்த் தெய்வம் நின்காசி ஒரு பெண். ஏறத்தாழ கி.மு. 1800ஐச் சேர்ந்த களிமண் பலகைகளில் அவளைப் போற்றும் பாடல் கிடைத்திருக்கிறது. தானியத்தை முளைகட்டுவது முதல் வடிப்பதுவரை பீர் செய்யும் வேலைகளெல்லாம் அந்தப் பாடலில் வருகின்றன. அதற்குச் சற்றுப் பின்னால் வந்த ஹம்முராபியின் சட்டத்தொகுப்பு, மதுக்கடை நடத்துபவரைப் பெண்பாலில் குறிப்பிடுகிறது. அளவில் மோசம் செய்தால் அவளைத் தண்ணீரில் எறிய வேண்டும் என்கிறது. பெண் தொழில் செய்தாள் என்பதே அவளுக்கு விதிக்கப்பட்ட தண்டனை வழியாகத்தான் நமக்குத் தெரியவருகிறது.

நம் பக்கமும் சான்று உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் கள் காய்ச்சும் மகளிர் வருகிறார்கள். அவர்கள் கலம் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகி, அதில் பன்றிகள் புரள்கின்றன. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஆறவைத்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் விளையவிடும் முறையும் அதே நூலில் இருக்கிறது. தானியத்தில் செய்வது என்பதால் இது பனங்கள்ளைவிட பீருக்கே நெருக்கமான பானம். அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டில், அவனோடு கள் பகிர்ந்துகொண்ட நாட்கள் வெட்கமின்றி நினைவுகூரப்படுகின்றன. பெண் காய்ச்சியதற்கும் பெண் குடித்ததற்கும் நம் மொழியிலேயே சாட்சி இருக்கிறது.

இந்தத் தொழில் பெண்களிடமிருந்து எப்படிப் போனது என்பதைப் படிப்படியாகப் பார்க்க, ஆவணங்கள் நிறையக் கிடைக்கும் இடம் இங்கிலாந்து. அங்கும் அவை பெரும்பாலும் அபராதப் பதிவுகள்தான். ஏல் எனப்படும் பானத்தின் விலையையும் தரத்தையும் அரசு நிர்ணயித்திருந்தது. ஊர் நீதிமன்றங்கள் காய்ச்சியவர்களின் பெயரை எழுதி அபராதம் வாங்கின. அந்தப் பெயர்களை எண்ணி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னெட், 1300க்கும் 1600க்கும் இடையில் நடந்த மாற்றத்தை 1996இல் நூலாக வெளியிட்டார். எனக்கு இந்த விஷயத்தில் கண் திறந்தது அந்த நூலால்தான்.

1300 வாக்கில் ஏல் காய்ச்சுவது பெண்களின் சாதாரண வீட்டு வேலை. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்துப் புளிக்கவிடுவார்கள். ஹாப்ஸ் கிடையாது. சில நாட்களில் கெட்டுவிடும். ஆகவே வீட்டுக்குப் போக மிஞ்சியதை உடனே அக்கம்பக்கத்தில் விற்பார்கள். ஏல் தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கழி நீட்டியிருக்கும். நம் தெருவில் இட்லி மாவு ஆட்டி விற்கும் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் புளித்துவிடும் சரக்கு, வீட்டுப் பாத்திரம், வீட்டு அடுப்பு, கையிலும் மூக்கிலும் இருக்கும் தொழில்நுட்பம், சில்லறை வருமானம். அப்படிப்பட்ட தொழில் அது.

1348-49இல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு உயிர்தப்பிய உழைப்பாளிகளின் கூலி உயர்ந்தது. ஏலுக்கான தேவையும் கூடியது. எப்போதாவது காய்ச்சி விற்றவர்களின் இடத்தைத் தொடர்ந்து காய்ச்சி விற்பவர்கள் பிடித்தார்கள். அதற்குக் கடன் வேண்டும், பெரிய பாத்திரம் வேண்டும், வேலையாட்கள் வேண்டும். மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் முதலில் காணாமல்போனார்கள். மணமானவர்கள் கணவனோடு சேர்ந்து தொழிலில் நீடித்தார்கள், ஆனால் பதிவேட்டில் பெயர் அவனுடையதாகிவிட்டது.

அடுத்து வந்தது ஹாப்ஸ். இந்தப் பூவின் குணத்தை 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர்களில் ஒருவர் பிங்கெனைச் சேர்ந்த துறவி ஹில்டெகார்ட். அது மனத்தைச் சோர்வடையச் செய்யும், ஆனால் அதன் கசப்பு பானத்தைக் கெடாமல் வைக்கும் என்று குறித்திருக்கிறார். ஒரு பெண் எழுதிவைத்த அந்தக் குணம்தான் பின்னாளில் பெண்களின் தொழிலுக்கு வினையானது. ஐரோப்பியக் கண்டத்தில் வேரூன்றி 1400 வாக்கில் இங்கிலாந்துக்கு வந்த ஹாப்ஸ் பீர் நாள்பட இருந்தது. நாள்பட இருப்பதைச் சேமிக்கலாம், கப்பலில் ஏற்றலாம், படைகளுக்கு ஒப்பந்தத்தில் விற்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் உரிமையும் கடன் வாங்கும் மதிப்பும் யாரிடம் இருந்தனவோ அவர்களிடம் தொழில் போய்ச் சேர்ந்தது. 1600 வாக்கில் இங்கிலாந்தில் பீர் காய்ச்சுவது பெருமளவு ஆண்களின் தொழிலாகிவிட்டது.

இதில் யாரும் சதி செய்யவில்லை என்பதுதான் பென்னெட் சொல்லும் முக்கியமான விஷயம். வருமானம் குறைவாக இருந்தவரை அது பெண்களின் வேலை. லாபமும் மதிப்பும் கூடியபோது அது ஆண்களின் தொழில். வேலை மாறியது, பெண்ணின் இடம் மாறவில்லை. சமையலுக்கும் தையலுக்கும் மருத்துவச்சிகளின் வேலைக்கும் என்ன நடந்தது என்று யோசித்தால் இந்தச் சூத்திரம் நமக்குப் புதிதல்ல.

தொழில் கைமாறியபோது ஏளனமும் கூடவே வந்தது. ஜான் ஸ்கெல்டன் என்ற கவிஞர் 1517 வாக்கில் எலினர் ரம்மிங் என்ற ஏல்காரியை அருவருப்பின் உருவமாக்கி ஒரு நீண்ட நையாண்டி எழுதினார். லட்லோ நகரத்துத் தேவாலயத்தின் மரச்சிற்பம் ஒன்றில், அளவில் ஏமாற்றிய ஏல்காரியைப் பேய் நரகத்துக்குத் தூக்கிச் செல்கிறது. செஸ்டர் நகரின் சமய நாடகத்தில் இயேசு நரகத்திலிருந்து ஆன்மாக்களை மீட்டபிறகும், ஓர் ஏல்காரி மட்டும் அங்கேயே நின்றுவிடுகிறாள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சூனியக்காரியின் கூர்த்தொப்பி, துடைப்பம், பூனை, கொப்பளிக்கும் கொப்பரை எல்லாம் ஏல்காரிகளிடமிருந்து வந்தவை, பீர் தொழிலைப் பறிக்கவே அவர்களை எரித்தார்கள் என்று ஒரு கதை நம் பெண்ணிய வட்டங்களிலும் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆதாரம் இல்லை. கடனும் ஒப்பந்தமும் பதிவேடும் சேர்ந்து சத்தமில்லாமல் ஒரு தொழிலைப் பறித்ததே உண்மையில் நடந்தது. தீயைவிட அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அது இன்றும் நடக்கிறது.

18ஆம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்ற கறுப்பு பீர், ஆலைகளில் மாபெரும் மரத்தொட்டிகளில் தயாரானது. 1814 அக்டோபர் 17 அன்று ஓர் ஆலையின் 22 அடி உயரத் தொட்டி வெடித்து, பீர் வெள்ளம் அருகிலிருந்த ஏழைக் குடியிருப்புக்குள் பாய்ந்தது. இறந்த எட்டுப் பேரும் பெண்களும் குழந்தைகளும். விசாரணை அதைத் தற்செயல் என்றது. பெண்கள் காய்ச்சுபவர்களாக இருந்த தொழிலில் இப்போது அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் வசிப்பவர்களாகிவிட்டார்கள்.

இனி லாகருக்கு வரலாம். 1842இல் பொஹீமியாவின் பில்சென் நகரில் யோசெஃப் க்ரோல் என்ற பவேரியர் பொன்னிற லாகரைக் காய்ச்சினார். ஏலின் ஈஸ்ட் மிதமான வெப்பத்தில் சில நாட்களில் வேலையை முடித்துவிடும். லாகரின் ஈஸ்ட்டுக்குக் குளிர் வேண்டும், அதன்பின் பல வாரங்கள் குளிரிலேயே கிடக்கவும் வேண்டும். 1870களில் கார்ல் ஃபான் லிண்டேயின் குளிரூட்டும் இயந்திரமும், 1883இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் தனித்துப் பிரித்து வளர்த்த ஈஸ்ட்டும் சேர்ந்து, எந்த ஊரிலும் எந்தப் பருவத்திலும் ஒரே சுவையில் லாகர் செய்ய வழி திறந்தன. இது பெரிய அறிவியல் சாதனை, சந்தேகமில்லை. நன்றாகக் காய்ச்சிய பில்ஸ்னரில் ஒரு சிறு பிழைகூட ஒளிந்துகொள்ள முடியாது. ஆனால் பனி இயந்திரமும் ஆய்வுக்கூடமும் ரயில் பெட்டியும் எந்த அடுக்களைக்குள்ளும் நுழையாது.

அமெரிக்க ஆலைகள் பார்லியோடு அரிசியும் மக்காச்சோளமும் கலந்து அதை மேலும் இலேசாக்கின. 1920 முதல் 1933 வரையிலான மதுவிலக்கைத் தாண்டிப் பிழைத்த பெரிய ஆலைகள் சந்தையைப் பங்குபோட்டுக்கொண்டன. எல்லாருக்கும் விற்க வேண்டுமென்றால் யாருக்கும் உறுத்தாத சுவை வேண்டும். உறுத்தாத சுவைகள் ஒன்றுபோலவே இருக்கும். அப்போது பாட்டிலை வேறுபடுத்திக் காட்ட மிஞ்சியது விளம்பரம்தான். அந்த விளம்பரம் விற்றது ஆண்மையை. கடற்கரையில் அரைகுறை உடையில் பெண்கள். 1991இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு பீர் ஆலையின் பெண் தொழிலாளர்கள், ஆலையில் தாங்கள் எதிர்கொண்ட பாலியல் துன்புறுத்தலை நிறுவனத்தின் விளம்பரங்களே ஊக்குவிக்கின்றன என்று வழக்குத் தொடர்ந்தார்கள். காய்ச்சியவள் கையிலிருந்த கரண்டி போய், அவள் உடல் போஸ்டருக்கு வந்து சேர்ந்த தூரம் அது.

இந்தியாவிலும் இந்தக் கதவு ஆணுக்கே திறந்தது. கிரண் மஜும்தாரின் தந்தை பீர் ஆலையில் தலைமை வடிப்பாளர். மகளும் ஆஸ்திரேலியாவின் பாலராட்டில் அதே கலையைப் படித்தார், வகுப்பில் ஒரே பெண்ணாக. திரும்பி வந்தபோது ஆலைகள் அவருக்கு அந்தப் பொறுப்பைத் தரவில்லை. அது ஆண் வேலையாம். 1978இல் அவர் பயோகானைத் தொடங்கினார். அது முதலில் தயாரித்தவற்றில் ஒன்று பீரைத் தெளியவைக்க உதவும் ஐசின்கிளாஸ்.

"நம் ஊரில் குடியால் சீரழிவதே பெண்கள்தான், உனக்கு பீர் ரசனை ஒரு கேடா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணவனின் கூலி கடையில் கரைவதைப் பார்த்து டாஸ்மாக் வாசலில் போராடும் பெண்களின் பக்கம்தான் நானும். ஆனால் அந்தப் போராட்டத்துக்கு வேறோர் ஊரிலும் ஓர் அக்கா இருக்கிறாள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு, சோள பீர் விற்கும் ஏகபோகத்தை நகராட்சி வைத்துக்கொண்டது. கறுப்பினப் பெண்கள் வீட்டில் காய்ச்சுவது குற்றம். போலீஸ் வந்து பானைகளைக் கவிழ்க்கும்; ஆண்களோ நகராட்சியின் பீர்க்கூடத்தில் கூலியைத் தொலைப்பார்கள். 1959 ஜூனில் கேட்டோ மேனர் பெண்கள் அந்தக் கூடங்களுக்குள் புகுந்து ஆண்களை விரட்டி, பீரைக் கொட்டினார்கள். அவர்கள் குடியின் எதிரிகளா, காய்ச்சும் உரிமையின் போராளிகளா? இரண்டும்தான். வீட்டுக்கு வரவேண்டிய பணமும் போனது, பெண்ணின் தொழிலும் போனது; எடுத்துக்கொண்ட கை ஒன்றே.

நம் மாநிலத்திலும் 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசு நிறுவனத்திடம். எந்த பீர் அலமாரிக்கு வரும் என்பதைக் கொள்முதல் முடிவு செய்கிறது. இந்தியா முழுவதும் அதிகம் விற்பது 'ஸ்ட்ராங்' லாகர்தான்: கொடுத்த காசுக்குக் கூடுதல் போதை. அதை வாங்கிக் குடிக்கும் கூலித் தொழிலாளியின் ரசனையை நான் குறை சொல்ல மாட்டேன். தேர்ந்தெடுக்க அவனுக்கு என்ன வைத்தார்கள்? அவன் மனைவிக்கு என்ன மிச்சம் வைத்தார்கள்?

ஆகவே எனக்கு லாகர் பிடிக்காது என்று நான் சொல்லும்போது, அது நாக்கைப் பற்றிய செய்தி மட்டுமல்ல. எல்லாரும் குடிக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஒருபோதும் தொடாதவளுக்கும் இந்த வரலாறு சொந்தம். மாவின் மேல் எழும் நுரையைப் பார்த்து 'இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும்' என்று கணிக்கிற எந்தப் பெண்ணுக்கும் நொதித்தல் என்றால் என்ன என்று யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.