நாற்று முடியைப் பிரிச்சு நட்ட கதை

சரி, இன்னிக்கு எபிசோடு ஹேர் டிரான்ஸ்பிளான்ட் பத்தி. நெத்தி ஏறத் தொடங்கின நம்ம செட்டுல, 'பிஃபோர் ஆஃப்டர்' ரீல்ஸ் பார்த்ததும் வர்ற முதல் கேள்வி: "எத்தனை கிராஃப்ட் வெச்சாங்க?" ஆனா வரலாற்றைப் பார்த்தா, இயல்பான தோற்றத்தைக் கொடுத்தது கிராஃப்டோட எண்ணிக்கை இல்ல, அளவு. இந்த விஷயம் ஒரு தடவை கண்டுபிடிக்கப்பட்டு, தொலைஞ்சுபோய், மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது.

கதை ஜப்பான்ல ஆரம்பிக்குது. 1939இல் ஷோஜி ஒகுடா என்ற தோல் மருத்துவர், முடியுள்ள தோலை சின்ன வட்டங்களா வெட்டி எடுத்து, தீக்காயத்தால் முடி போன இடங்களிலும் புருவத்திலும் நட்டதைக் கட்டுரையா வெளியிட்டார். 1943இல் ஹஜிமே தமுரா இன்னும் ஒரு படி மேல போனார். ஒத்தை முடியா நட்டா இயற்கையா இருக்குன்னு எழுதினார். ஆனா அது போர்க்காலம். கட்டுரைகளும் ஜப்பானிய மொழியில் இருந்தன. மேற்கு நாட்டு மருத்துவர்கள் கண்ணில் அது படவே இல்லை.

1952, நியூயார்க். நார்மன் ஓரென்ட்ரைக் என்ற மருத்துவர், ஒரு ஆணின் வழுக்கைக்கு முதன்முறையா இந்தச் சிகிச்சையைச் செய்தார். 1959இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இன்னிக்கு வரைக்கும் அடித்தளம். அவர் சொன்னது இதுதான்: முடி எங்கிருந்து வந்ததோ, அந்த இடத்தோட குணத்தைத்தான் தக்க வெச்சுக்கும். உச்சந்தலை முடியை மெலிய வைக்கிற டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன், பின்மண்டை முடியைப் பெரும்பாலும் தொடுறதில்லை. அங்கிருந்து எடுத்து முன்னாடி வெச்சாலும் அது தாக்குப்பிடிக்கும்.

கொள்கை சரி. நட்ட விதம்தான் பிரச்சனை. அப்போ வழக்கத்தில் இருந்தது சுமார் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துண்டுகள். ஒவ்வொண்ணுலயும் பத்துக்கு மேல முடி. ரத்த ஓட்டம் கெடக் கூடாதுன்னு துண்டுகளுக்கு நடுவில் இடைவெளி வேற விடணும். வயல்ல நாற்று முடியைப் பிரிக்காம அப்படியே கட்டுக்கட்டா ஊன்றினா எப்படி இருக்கும்? அதான் நடந்தது. பொம்மைத் தலை மாதிரி கொத்துக் கொத்தா முடி. இயற்கை முடி மேலும் கொட்டக் கொட்ட, அந்தக் கொத்துகள் இன்னும் பளிச்சுன்னு தெரியும். பல ஆண்கள் வருஷக்கணக்கில் அந்தத் தலையோடதான் வெளியே போய் வந்தாங்க. பிற்காலத்தில் அதைச் சரிசெய்யவே தனியா அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

1980களில் துண்டுகள் சிறுத்தன. 1984இல் ஜான் ஹெடிங்டன், தலைமுடி இயற்கையிலேயே ஒன்று முதல் நான்கு வரை சேர்ந்த சின்னக் குழுக்களா வளருதுன்னு விவரித்தார். 1988இல் டெக்சாஸைச் சேர்ந்த பாபி லிம்மர், அந்தக் குழுக்களை மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வெச்சுப் பிரிக்க ஆரம்பித்தார். 1995இல் பெர்ன்ஸ்டீனும் ராஸ்மனும் அதை முழுமையான முறையாக எழுதினார்கள். 2002இல் அதே குழு, பட்டையா தோலை வெட்டாம ஒவ்வொரு குழுவையும் தனியா துளைச்சு எடுக்கிற முறையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. இன்னிக்கு எல்லா விளம்பரத்திலும் வர்ற எஃப்.யூ.இ. அதுதான்.

இப்போ நல்ல கைகள் செய்யுறது இதுதான்: முன்வரிசையில் ஒத்தை முடி மட்டும், அதுக்குப் பின்னாடி இரண்டும் மூன்றும். முடி எந்தப் பக்கம் சாயுமோ அந்தக் கோணம். ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இல்லாம, கொஞ்சம் கோணலா ஒரு எல்லை. அப்படி நட்டா பக்கத்துல நிக்கிறவங்களுக்குக்கூடத் தெரியாது.

இயல்பான தோற்றம் சரி, அடர்த்தி? ஒரு தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கும். அதில் பாதி வரைக்கும் போனாலும் கண்ணுக்குப் பெருசா தெரியாது. டாக்டர்கள் பயன்படுத்திக்கிறது அந்தச் சலுகையைத்தான். பழைய அடர்த்தி திரும்ப வர்றதில்லை, நிறைஞ்ச மாதிரி ஒரு தோற்றம் வருது. ஏன்னா இது காப்பி-பேஸ்ட் இல்ல, கட்-பேஸ்ட். புதுசா ஒரு முடிகூட உருவாகல. நாற்றங்காலில் இருந்து எடுத்தது எடுத்ததுதான், அங்க மறுபடி முளைக்காது.

இருபத்தஞ்சு வயசுல அவசரப்படுறவங்க யோசிக்க வேண்டியது இங்கதான். நெத்தியில் ரொம்பத் தாழ்வா கோடு இழுத்து, கையிருப்பை எல்லாம் அங்கேயே செலவழிச்சுட்டா, நாற்பதுல பின்னாடி முடி கொட்டும்போது நட்டது மட்டும் தனித் தீவா நிக்கும். இருக்கிற முடியைக் காப்பாத்த மருந்து உண்டு. ஆண்களின் வழுக்கைக்கு ஃபினாஸ்டரைடுக்கு அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தது. அதை எடுக்கலாமா, பக்கவிளைவு என்னன்னு முதலில் ஒரு தோல் மருத்துவர்கிட்ட பேசுங்க.

அதுக்கப்புறமும் டிரான்ஸ்பிளான்ட்தான்னு முடிவு பண்ணா, கிராஃப்ட் எண்ணிக்கையை மட்டும் கேக்காதீங்க. "முன்வரிசையை நெருக்கத்துல எடுத்த போட்டோ காட்டுங்க"ன்னு கேளுங்க. "இது முடிஞ்சப்புறம் என் பின்மண்டையில் எவ்வளவு மிச்சம் இருக்கும்?"னும் கேளுங்க.