விண்மீன் விளக்குகளின் வழியே

கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டிய முன்னிரவுகளில், ஊரறிந்த பெரியவர் ஒருவர் முன்செல்ல, விண்மீன் விளக்குகளையும் குடில்களையும் காணத் தெருத்தெருவாய் நடப்பது நமக்குப் பழக்கமான இன்பம். சிறுவர் விண்மீன்களை எண்ணிக்கொண்டு வருவர். பெரியோர் பழங்கதை பேசி வருவர். இவ்வுலாவுக்கு எங்கே தொடக்கம் என எண்ணிப் பார்ப்போம்.

1223ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் கிரேச்சியோ என்னும் மலையூரில், அசிசியின் புனித பிரான்சிஸ் தீவனத்தொட்டியில் வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் அருகே நிறுத்தி, பிறப்பு விழாத் திருப்பலி நிகழச் செய்தார். திருத்தொண்டராகிய அவரே நற்செய்தியைப் பாடினார். அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமா, ஊர் மக்கள் மெழுகுதிரிகளும் தீவட்டிகளும் ஏந்தி வந்ததைக் குறித்துள்ளார். அம்மக்கள் விளக்கு அலங்காரம் காணப் போகவில்லை. விளக்கைத் தாமே சுமந்து சென்றனர். இவ்வேறுபாடு சிறிதன்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் முதல் நாள் அவ்வூருக்கே சென்று, குடிலின் பொருள் பற்றிய மடலில் ஒப்பமிட்டார்.

விண்மீன் விளக்கின் கதை வேறு. 1830களில் செருமனியின் நீஸ்கி என்னும் ஊரில், மொராவிய சபையாரின் பள்ளியில் வடிவியல் பயிற்சியாகப் பிறந்ததே பலமுனைக் காகித விண்மீன். அச்சபையார் 1760இலேயே நம் தரங்கம்பாடிக்கு வந்தவர்கள். விண்மீன் பிறக்குமுன்னரே திரும்பியும் விட்டனர்! நம் முன்னோரோ மூங்கிற் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு விண்மீன் கட்டி, உள்ளே விளக்கேற்றினர். காற்று வீசினால் தாள் பற்றிக்கொள்ளும். ஒருவர் காவல் நிற்க வேண்டும்.

மின்விளக்கு 1882இல் வந்தது. எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கில் தம் இல்லத்து மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறத்தில் 80 விளக்குகளை எரியவிட்டார்.

கம்மாபுரம் வட்டாரத்தில் நடப்போர்க்கு அவ்வொளியின் ஊற்று தொலைவிலில்லை. 1956இல் நெய்வேலி நிறுவனம் தோன்றியது. 1962இல் பழுப்பு நிலக்கரியால் மின்சாரம் பிறந்தது. நிலக்கரியை மூடிய மண்ணிலே வெண்களிமண்ணும் கிடைத்தது. விருத்தாசலமோ பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே வார்க்கப்படும் பீங்கான் அகல்கள் கார்த்திகைக்கு வெளியூர்களுக்கும் செல்கின்றன. மின்விளக்குக்கும் அகலுக்கும் இவ்வட்டாரம் ஒருங்கே தாயகம்! அருகிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், பெத்லகேமின் இரவைத் 'தேம்பாவணி'யில் தமிழாக்கித் தந்தார். இடம் கிடையாத குடும்பத்தின் இரவு அது.

இடமின்மை இங்கும் பழங்கதையன்று. சுரங்கம் விரிய விரியச் சிற்றூர்கள் இடம்பெயர்ந்தன. 2023 சூலையில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பயிர் நின்ற நெல்வயல்களிலே கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். அறுவடை வரையேனும் பொறுத்திருக்கலாகாதா என்றனர் உழவர். கிரேச்சியோவில் வைக்கோல் பரப்பிய இரவின் 800ஆம் ஆண்டு நினைவு, அதே 2023இன் டிசம்பரில் வந்தது.